மரத்தடி வகுப்பு தொடங்க நினைக்கிற டீச்சர்மாருக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கு ஏத்த மாதிரி

வெளிக்களப் படிப்பு எண்டு சொன்ன உடன கனபேருக்கு ஞாபகம் வாறது பஸ் புடிச்சு, சோத்துப் பார்சல் கட்டிக்கிட்டு, குமணைக்கோ பாசிக்குடாவுக்கோ வருசத்தில ஒருக்காப் போற சுற்றுலாதான். அது நல்ல விசயம், போங்க, ஆனா நான் இஞ்ச சொல்லப் போறது அதில்ல. ஒண்டாம் ஆண்டு, ரெண்டாம் ஆண்டுப் புள்ளயள கிழமைக்கு ஒருக்கா, ஒரு பாட நேரம், பள்ளிக்கூட வளவுக்குள்ளயே இருக்கிற ஒரே மரத்தடிக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போறதப் பத்தித்தான் சொல்றன். ஒரே இடம் எண்டதுதான் இதில முக்கியம். புது இடத்துக்குப் போனா புள்ள ஓடும், கத்தும், எல்லாத்தையும் பாக்கும், ஒண்டையும் கவனிக்காது. நாலாவது முறை அதே மரத்துக்குக் கீழ போகக்கதான் "டீச்சர், போன கிழம இந்தப் புத்து இல்லயே" எண்டு ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இது வெளிநாட்டுப் புது ஃபேஷன் எண்டு யாரும் சொன்னா, தாகூர் 1901லயே சாந்திநிகேதன்ல மரத்தடியில வச்சுப் படிப்பிக்கத் தொடங்கினவர் எண்டு சொல்லுங்க. டென்மார்க்ல 1950கள்ல காட்டுக்குள்ள நடத்துற சின்னப்புள்ளப் பள்ளிகள் வந்திச்சு, 1993ல இங்கிலாந்தில பிரிட்ஜ்வாட்டர் கல்லூரி ஆக்கள் அங்க போய்ப் பாத்துட்டு வந்து தங்கட நாட்டில தொடங்க, மறுகா மற்ற நாடுகளுக்கும் பரவினது. ஆனா அவங்கட வழிகாட்டியள அப்பிடியே எடுத்து இஞ்ச செய்யேலாது. அவங்களுக்கு குளிருக்கு என்ன உடுப்பு எண்டதுதான் முதல் பிரச்சின, எங்களுக்கு நிழலும் குடிதண்ணியும். எங்கட ஆரம்பப் பிரிவில 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' எண்டு ஒரு பாடமே இருக்கு, அந்த நேரத்த எடுத்தாப் போதும், டைம்டேபிள உடைக்கத் தேவையில்ல.

முதல் வேல: இடம்

வகுப்பில இருந்து அஞ்சு நிமிசத்துக்குள்ள நடந்து போற தூரம், நல்ல நிழல், கொஞ்சம் வெறும் மண், கொஞ்சம் புல்லு, ஏலுமெண்டா தண்ணி தேங்கிற ஒரு பள்ளம் இல்லாட்டி பைப்படி. இவ்வளவும் இருந்தாக் காணும். வேம்பு, பூவரசு, மா, வாகை, எந்த மரமெண்டாலும் சரி. வாவிக்குக் கிழக்கால கடல் பக்கமா இருக்கிற எழுவான்கரைப் பள்ளியள்ல மணல் வளவும் தென்னயும் கிடைக்கும், வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில வயலும் குளமும் வேலியோடயே வந்து நிக்கும், கல்முன, காத்தான்குடி மாதிரி நெருக்கமான ஊர்கள்ல மதிலோரத்தில நாலு அடி மண்தான் மிஞ்சும், அந்த நாலு அடியும் போதும் கண்டீங்களா, எறும்புக்கு அது பெரிய ஊர்.

நீங்க தனியப் போய், வகுப்பு நடக்கப் போற அதே நேரத்தில அங்க இருந்து பாக்கணும். எட்டு மணிக்கு நிழலா இருக்கிற இடம் ஒம்பதரைக்குப் பொட்ட வெயிலா மாறும். மறுகா மேல பாருங்க, கீழ பாருங்க. மேல குளவிக்கூடு, முசுறு எண்ட கடிக்கிற செவத்த எறும்பின்ட கூடு, காஞ்ச கொப்பு, விழத் தயாரா நிக்கிற தேங்கா. கீழ போத்தல் ஓடு, கட்டில்லாத கிணறு, பாம்பு இருக்கக்கூடிய கல்லுக்குவியல், ஓலக்குவியல். கரல் புடிச்ச, என்னெண்டு தெரியாத இரும்புச் சாமான் ஏதும் மண்ணுக்குள்ள தெரிஞ்சா நீங்களும் தொட வேணாம், பொலிசுக்குச் சொல்லுங்க, எங்கட மாவட்டம் என்னென்னத்துக்குள்ளால வந்ததெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

மரஞ்செடியள்ல கவனிக்க வேண்டியது மூண்டு நாலுதான், ஆனா அதுகள நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கணும். மஞ்சள் அலரி கனபள்ளிக்கூட வேலியில நிக்குது, அதின்ட விதை இருதயத்தையே நிப்பாட்டும். குண்டுமணி வடிவாச் செவப்பும் கறுப்புமா இருக்கும், புள்ளயள் பொறுக்கிப் பொக்கெட்டுக்குள்ள போட்டுக்கும், கடிச்சு உடைச்சா நஞ்சு. ஊமத்தங்காயும் அப்பிடித்தான். வாவி ஓரத்துப் பள்ளிக்கூடமெண்டா தில்ல மரம் இருக்கா எண்டு ஊர்ல ஒரு மீன்புடிகாரரக் கூட்டிட்டு வந்து கேளுங்க, அந்தப் பால் தோல்ல பட்டாக் கொப்பளிக்கும், கண்ணில பட்டா கண்ணே தெரியாமப் போகும், அதின்ட பழுத்த இலை செவப்பா வடிவா இருக்கிறதால இலை பொறுக்கிற புள்ள முதல்ல அதுக்குத்தான் கை நீட்டும். இதுகள் இருந்தா ஒண்டு வெட்டுவிக்கணும், இல்லாட்டி இடத்த மாத்தணும். தில்லையும் சேத்து, வாவி ஓரத்துக் கண்டல் மரங்கள மட்டும் நீங்களா வெட்டப் போகாதீங்க, அதுக்குச் சட்டம் இருக்கு.

அதிபர், பெற்றார்

வளவுக்குள்ள எண்டா அதிபர்ட ஒரு சொல்லுப் போதும், ஆனா எழுத்தில ஒரு சின்னக் குறிப்புக் குடுத்து வைங்க, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் எண்டு. கேட்டுக்கு வெளியால ஒரு அடி வைக்கிறதெண்டாலும் வலயக் கல்வி அலுவலகத்தில முன்கூட்டியே கேட்டு, பெற்றார்ட கையெழுத்து வாங்கித்தான். இதில குறுக்கு வழி பாக்காதீங்க.

பெற்றார் ரெண்டு விசயம் கேப்பாங்க. ஒண்டு, "சளி புடிக்குமே டீச்சர்". ரெண்டாவது வாயால கேக்காட்டியும் மனசுக்குள்ள இருக்கும், அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்ச. ஒண்டாம் ஆண்டுப் புள்ளட உம்மாவும் அம்மாவும் இப்பவே அதத்தான் நினைக்கிறாங்க. அவங்களோட வாதாடாம ஒரு நாளைக்கு வரச் சொல்லுங்க, வந்து பக்கத்தில நிண்டு பாக்கட்டும், புள்ள எண்ணுது, அளக்குது, வாய் திறந்து முழு வசனமாக் கதைக்குது எண்டு தெரிஞ்சா அடங்கிருவாங்க. இன்னொரு விசயமும் சொல்லலாம். சீனாவில குவாங்சோ நகரத்தில 12 பள்ளிக்கூடத்து ஒண்டாம் வகுப்புப் புள்ளயள வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2015ல வெளியிட்டவங்க, அதில பாதிப் பள்ளியள்ல தினமும் 40 நிமிசம் கூடுதலா வெளியில விட்டாங்க, மூண்டு வருசம் கழிச்சுப் பாத்தா அந்தப் புள்ளயள்ல கிட்டப்பார்வ வந்தது 30.4 வீதம், மற்றப் புள்ளயள்ல 39.5 வீதம். எங்கட கிழமைக்கு ஒரு பாடம் அந்தளவுக்கு வராதுதான், ஆனா ஃபோனுக்குள்ளயே கண்ண வச்சிருக்கிற புள்ளய வெளியில விடுறதில நட்டமில்ல எண்டு காட்ட இது உதவும்.

கரையோர ஊர்கள்ல இன்னொண்டு. 2004 சுனாமியில ஆள் இழந்த குடும்பங்கள் இன்னும் கடலுக்குப் புள்ளய விட மாட்டாங்க. நாவலடி, கல்லடி, காரைதீவு, திருக்கோவில் எங்கயெண்டாலும் கடற்கரை வகுப்பெண்டு அறிவிக்க முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக் கதைங்க. விருப்பமில்லாட்டி அந்தப் புள்ளய ஒதுக்காம மரத்தடியிலயே எல்லாரும் இருந்துக்கலாம்.

நேரம், காலம்

காலமை எட்டுக்கும் ஒம்பதரைக்கும் இடையில முடிச்சிருங்க. மே தொடக்கம் ஆகஸ்ட் வரைக்கும் கச்சான் காத்து அடிக்கக்க பத்து மணிக்கே மண் சுடும், சின்னப் புள்ளைக்கு வாய் காஞ்சாலும் சொல்லத் தெரியாது, நீங்கதான் எல்லாரும் ஒண்டாக் குடிக்கிற நேரமெண்டு வைக்கணும். நோன்பு புடிச்ச புள்ள இருந்தா அண்டைக்கு ஓடுற வேல வேணாம், இருந்து பாக்கிற, கீறுற வேலயா எடுங்க. ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் இடி மின்னல் கூடின காலம், இடி கேட்டா உடன உள்ள, கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வரைக்கும் வெளியில இறங்கிறதில்ல. மரத்தடி மழைக்கு ஒதுங்கிற இடம், மின்னலுக்கு ஒதுங்கிற இடமில்ல, இத புள்ளயளுக்கும் சொல்லிக் குடுங்க.

பையில என்ன

காசு செலவழிக்கத் தேவையில்ல. இருக்கிறதுக்கு பழைய அரிசி பேக் விரிச்சாப் போதும், உரம் மருந்து வந்த பேக் வேணாம். விசில் ஒண்டு. சணல் கயிறு. கழுவின யோகட் கப். வெள்ளச் சீல ஒண்டு, கொப்பில தட்டினா விழுற பூச்சி அதில தெளிவாத் தெரியும். கைவில்ல இருந்தா நல்லம், இல்லாட்டி கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் துண்டில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு அதுக்குள்ளால பாருங்க, எறும்பின்ட கால் பெருசாத் தெரியும். ஈர்க்கு ஒரு கட்டு, அளக்கிறதுக்கு. குடிதண்ணி, சவர்க்காரம், முதலுதவிப் பெட்டி. புள்ளயள்ட பேர் லிஸ்ட், ஆருக்கு இழுப்பு, ஆருக்கு என்ன கடிச்சா வீங்கும் எண்ட குறிப்போட.

முதல் நாள் படிப்பிக்காதீங்க

முதல் நாள் போறதும் வாறதும்தான் பாடம். சோடி சோடியாக் கைபுடிச்சுப் போறது, கயிறு கட்டின எல்லைக்குள்ள நிக்கிறது, விசில் ஒருக்கா அடிச்சா நிண்டு பாக்கிறது, ரெண்டு தரம் அடிச்சா ஓடி வந்து டீச்சரச் சுத்தி இருக்கிறது. இத விளையாட்டா அஞ்சாறு தரம் செய்யுங்க, சிரிச்சிக்கிட்டே பழகிருங்கள். சட்டம் நிறைய வைக்காதீங்க, மூண்டு காணும்: வாயில ஒண்டும் வைக்கிறதில்ல, கேக்காமத் தொடுறதில்ல, எல்லையத் தாண்டுறதில்ல. பத்துப் புள்ளைக்கு ஒரு பெரிய ஆள் எண்டு வைங்க, முப்பது பேர் வகுப்பெண்டா பெற்றார் ரெண்டு பேரக் கூப்பிடுங்க. போகக்க எண்ணுங்க, அங்க எண்ணுங்க, வரக்க எண்ணுங்க. நடக்க ஏலாத புள்ள, சக்கர நாற்காலிப் புள்ள இருந்தா இடம் தெரிவு செய்யக்கயே அதுக்கு ஏத்த இடமாப் பாருங்க, மணலுக்குள்ள சில்லுப் புதையும், மறுகா அந்தப் புள்ள வராந்தாவில தனிய இருக்கும்.

ரெண்டாம் கிழம: கயித்து வட்டம்

கயித்த ஒரு மீற்றர் அளவில வெட்டி முனைய முடிஞ்சு, சோடிக்கு ஒண்டு குடுங்க. நிலத்தில வட்டமா வைக்கட்டும். அந்த வட்டத்துக்குள்ள என்னென்ன இருக்கு எண்டு பத்து நிமிசம் பாக்கணும், அவ்வளவுதான். முதல் ரெண்டு நிமிசம் "ஒண்டும் இல்ல டீச்சர்" எண்டுதான் சொல்லுங்கள். பொறுங்க. நீங்களும் குந்தி இருந்து பாருங்க. மூண்டாம் நிமிசத்துக்குப் பிறகு சத்தம் குறையும்.

வளவு மணல் எண்டா, கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழ, மழை படாத இடத்தில, சின்னப் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும் பாருங்க. குழியானை எண்டு சொல்ற பூச்சின்ட வேல அது. ஒரு எறும்பு அந்த விளிம்பால போகக்க கால் வழுக்கும், மண் சரியும், ஏற ஏறச் சரியும், அடியில இருந்து ரெண்டு இடுக்கி மட்டும் வெளியில வந்து மண்ண மேல எத்தி எறியும், எறும்பு கீழ போயிரும். பத்துப் பன்னெண்டு தல ஒரு குழிக்கு மேல முட்டிக்கிட்டு நிக்கும், மூச்சுச் சத்தம் கூடக் கேக்காது. மெல்ல மண்ணோட அள்ளி யோகட் கப்புக்குள்ள போட்டா ஒரு பூச்சி, சாம்பல் நிறம், முன்னுக்குப் போகாமப் பின்னுக்குப் பின்னுக்கே போகும். பிறகு அது வளந்து தும்பி மாதிரிச் செட்டையோட பறக்கும் எண்டு சொன்னா நம்ப மாட்டாங்கள்.

இஞ்சதான் டீச்சர்மார் அவசரப்படுற இடம். பேரச் சொல்லி, விளக்கத்தச் சொல்லி, கொப்பியில எழுதச் சொல்லி முடிச்சிராதீங்க. கேளுங்க. ஏன் இந்தக் குழி தாழ்வாரத்துக்குக் கீழ மட்டும் இருக்கு, நடு வளவில ஏன் இல்ல? ஒரு புள்ள வெயில் எண்டும், இன்னொண்டு ஆக்கள் மிதிப்பாங்க எண்டும், இன்னொண்டு மழை பெஞ்சா மண் ஒட்டும், அப்ப சரியாது எண்டும் சொல்லும். எது சரியெண்டு நீங்க தீர்ப்புச் சொல்லாம ஒரு குழிக்குப் பக்கத்தில தண்ணி தெளிச்சுட்டு மற்றக் கிழம வந்து பாருங்க. குழிய எண்ணினாக் கணிதம், ஈர்க்க முறிச்சு அகலம் அளந்தாலும் கணிதம், எது பெரிசு எது சின்னன் எண்டு அடுக்கினாலும் கணிதம்தான். எறும்புக்கு என்ன நடந்தது எண்டு சொல்லச் சொன்னா தமிழ்ப் பாடம். வேற பாடத்திட்டம் என்ன வேணும்?

அடுத்தடுத்த கிழமையள்

இதுக்குப் பிறகு நீங்களே யோசிப்பீங்க, ஆனாலும் சிலது சொல்றன். கம்பு ஒண்டு நட்டு எட்டு மணிக்கும் ஒம்பது மணிக்கும் நிழலின்ட முனையில கல்லு வைக்கிறது. எங்கட பக்கத்தில ஏப்ரல் 10 அளவிலயும் செப்டம்பர் 2, 3 அளவிலயும் சூரியன் நேர உச்சிக்கு வரும், ஏப்ரல்ல புதுவருச லீவு குறுக்கிட்டாலும் செப்டம்பர்ல பன்னெண்டு மணி தாண்டி ஒரு சில நிமிசத்தில கம்புக்கு நிழலே இல்லாமப் போறதக் காட்டலாம், அஞ்சு நிமிசம் வெளியில வந்து பாத்துட்டு உள்ள போனாச் சரி.

முசுறு இலையெல்லாம் இழுத்துச் சேத்துக் கூடு கட்டுறத தூர நிண்டு பாக்கலாம், தன்ட குஞ்சுப் புழுவப் புடிச்சு அது விடுற நூலாலதான் ஒட்டுது. பனையிலயோ தென்னயிலயோ தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினா ஆண்குருவிதான் கட்டுது எண்டு சொல்லிட்டு அதே மாதிரி ஓலையால பின்னிப் பாக்கச் சொல்லுங்க, கையும் பத்து விரலும் வச்சுக்கிட்டும் ஏலாமப் போகக்க குருவில மரியாத வரும். பறவ எண்ணுறதெண்டா காகம், மைனா, புலுனி, கொக்கு, மீன்கொத்தி எண்டு அஞ்சு போதும், படத்துக்குப் பக்கத்தில கோடு போட்டா சரி, ஒக்டோபருக்குப் பிறகு வடக்கில இருந்து வாற பறவையள் சேர எண்ணிக்க மாறும்.

ஊர் ஆக்களக் கூப்பிடுங்க. வயல் செய்யிற வாப்பா ஒருத்தர், வீச்சுவல வீசுற அப்பப்பா ஒருத்தர், அவங்களுக்குத் தெரிஞ்சதில பாதி எங்கட பயிற்சிப் புத்தகத்தில இல்ல. வரம்பில தண்ணி போக விடுற வக்கடை ஏன் அந்த இடத்தில வெட்டுறது, வெள்ளாமைக்குத் தண்ணி எவ்வளவு நாளைக்கு நிக்கணும், அத்தாங்கு எண்ட கைவலையில எந்த மாசம் றால் படும் எண்டு அவங்க சொல்லக்க புள்ள வாயப் பொளந்து கேக்கும். ஒரு விசயம், முன்கூட்டியே அவங்களுக்குச் சொல்லுங்க, பேச்சுப் போட்டி மாதிரிப் பேசாம சாமானக் கையில கொண்டு வந்து காட்டச் சொல்லி.

வாவி, குளம், வயல்

இது நாலாம், அஞ்சாம் ஆண்டுப் புள்ளயளுக்குத்தான், அதுவும் மரத்தடியில ஒரு தவணையாவது பழகின வகுப்புக்கு மட்டும். வாவியில முதல இருக்கு, தண்ணிக்குள்ள கால் வைக்கிற பேச்சே இல்ல, கரையில இருந்து நல்லா விலகி, பாலத்திலயோ இறங்குதுறையிலயோ நிண்டு பாக்கலாம். பாக்க எவ்வளவோ இருக்கு. சேத்தில நிக்கிற சின்ன நண்டுகள்ல ஒரு சாதியில ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெருசா இருக்கும், அத ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். கண்டல் மரத்தின்ட விதை மரத்திலயே முளைச்சு நீட்டுக் காய் மாதிரித் தொங்கி மறுகா சேத்தில விழும். கோடையில முகத்துவாரம் மண்ணால அடைபடும், மாரியில வெள்ளம் கூடி வெட்டித் திறந்தா கடலும் வாவியும் கலக்கும், தண்ணின்ட உப்பும் மாறும், அதோட என்ன மீன் படுது எண்டதும் மாறும்.

வயல் பக்கமெண்டா பயம் வேற. புடையன் பாம்பு வரம்போரம் கிடக்கும், அறுவடைக் காலத்தில போகாதீங்க. சேத்துத் தண்ணில எலிக்காய்ச்சல் இருக்கு, காலில வெட்டுக்காயம் உள்ள புள்ள இறங்கக் கூடாது. படுவான்கரையில யானை வாற ஊரெண்டா முதல் நாள் ராவு வந்திச்சா எண்டு காலமை விசாரிக்காம வெளியில போறதேயில்ல.

பாம்பு கடிச்சா: கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க, ஊர்ல விசக்கல்லு வைக்கிற கதையெல்லாம் வேணாம். புள்ளய நடக்க விடாம, கடிச்ச காலையோ கையையோ அசைக்காமக் கிடத்தி, 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். பாம்ப அடிச்சுக் கொண்டு போகத் தேவையில்ல.

எழுதி வைக்கிறது

பரீட்ச வைக்காதீங்க. வகுப்புச் சுவர்ல ஒரு பெரிய தாள், ஒவ்வொரு கிழமையும் புள்ளயள் சொன்னதில ஒரு வசனம், அவங்கட வாயால வந்த மாதிரியே, பேரோட. ஒரு படம். உங்கட கொப்பியில ஆர் என்ன கேட்டாங்க எண்டு ரெண்டு வரி. வகுப்பில வாயே திறக்காத புள்ள வெளியில என்ன கதைக்குது எண்டு குறிச்சு வைங்க, பெற்றார் கூட்டத்தில அத வாசிச்சுக் காட்டினா மற்ற விளக்கமெல்லாம் தேவைப்படாது. திரும்பி வந்த உடன சவர்க்காரம் போட்டுக் கை கழுவுறது, பிறகுதான் சாப்பாடு.

நவம்பர், டிசம்பர் மழையில வெளியில போகேலாட்டி விடுங்க, வராந்தாவில இருந்து கூரைத் தண்ணிய வாளியில புடிச்சு அளக்கலாம். மழையும் லீவும் முடிஞ்சு ஜனவரியில திரும்பி வரக்க உங்கட இடம் இடுப்பளவு புல்லா நிக்கும். புள்ளயளக் கூட்டிப் போக முதல் ரெண்டு மூண்டு அப்பாமாரக் கேட்டுப் புல்ல வெட்டி, குவியல அப்புறப்படுத்தி, சிரட்ட, யோகட் கப்பு, டயர் எதிலயும் தண்ணி நிண்டா ஊத்தி, முதல் நாள் பாத்த மாதிரியே மேலயும் கீழயும் ஒருக்காப் பாத்துட்டு, மற்றக் கிழம தொடங்குங்க.